கைப்பேசியைப் பிடுங்கினால் தீருமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் மகளுக்கு 16 வயது. உடன் படிக்கும் பையன் ஒருவனைக் காதலிக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். அவன் செய்திக்கு உடனே பதில் போட முடியாவிட்டால் அவள் முகமே வெளிறிவிடுகிறது. யாரோடு இருக்கிறாள் என்பதற்குச் சான்றாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறான். சென்ற வாரம் அவள் மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் இருந்தது. கேட்டால், "அவனுக்கு என் மேல் அக்கறை அதிகம்" என்கிறாள். கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுப் பேச்சையே நிறுத்திவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது.

– ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கைப்பேசி கையில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மறுநாள் அவனிடம் கணக்குச் சொல்ல வேண்டியவள் அவள்தான். வீட்டிலும் அதட்டல் என்றால், அடுத்த தடத்தை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வாள்.

அவள் அதை அக்கறை என்று சொல்வது வெறும் சமாளிப்பு அல்ல. வன்முறை உள்ள உறவுகளில் இறுக்கம், வெடிப்பு, பிறகு மன்னிப்பும் கொஞ்சலும் என்று திரும்பத் திரும்ப வரும் சுழற்சியை 1979-இல் அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் விவரித்தார். எல்லா உறவும் இந்த வரிசைப்படி நடப்பதில்லை. ஆனால் அந்தக் கொஞ்சலைத்தான் உண்மையான அவன் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் ஏராளம். அவனைத் திட்ட உங்கள் நாக்கு துடிக்கும். திட்டினால் அவள் அவனுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவாள். அதைவிட, "நேற்று அவன் செய்தி வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாய், எனக்குக் கவலையாக இருந்தது" என்று நீங்கள் கண்டதை மட்டும் சொல்லிவிட்டு, அவள் பேசும் வரை பொறுத்திருங்கள்.

பிரியும் காலமே பெரும்பாலும் ஆபத்து கூடும் காலம் என்பதால், அவள் முடிவெடுத்தபின் "கடைசியாக ஒருமுறை பேசலாம்" என்று அவன் அழைத்தால் தனியே போகக் கூடாது. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் திரைப்பதிவு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைக்கட்டும். இருப்பிடப் பகிர்வை எப்போது நிறுத்துவது, பள்ளியில் யாரிடம் சொல்லி வைப்பது என்பதையும் அவளோடு கலந்தே முடிவு செய்யுங்கள். அந்தரங்கப் படங்களைக் காட்டி மிரட்டினால், 18 வயது நிறையுமுன் எடுத்த படங்களுக்கென்றே 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தைப் பதிவேற்றாமல் அதன் எண்முறை அடையாளத்தை (கைரேகை போல அந்தப் படத்துக்கே உரிய குறியீட்டை) மட்டும் கொண்டு, இணைந்துள்ள தளங்கள் அதைக் கண்டறிந்து நீக்க அது உதவுகிறது.

இந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. அவன் கழுத்தை நெரித்தான் என்று தெரிந்தால், வெளியே தடம் இல்லாவிட்டாலும் உள்காயம் தாமதமாக வெளிப்படலாம் என்பதால், அவள் தடுத்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், காவல்துறைக்கும் தெரிவியுங்கள்.