வயதான அம்மாவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தில் மலைப்பக்கம் நடக்க முடியுமா?

தாராளமாக முடியும். லவுட்டர்புருன்னன் ஊரிலிருந்து ஸ்டெக்கல்பெர்க் வரை போகும் பள்ளத்தாக்குப் பாதையில் நடங்கள். நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், "அம்மாவை எதுக்கு இழுத்துக்கிட்டுப் போற, ரூம்லயே இருக்கட்டும்" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மகள் அப்போது தள்ளுவண்டியில். இந்தப் பாதை சுமார் 800 மீட்டர் உயரத்தில் ஆரம்பித்து 900 சொச்சத்தில் முடிகிறது, ஏற்றமே தெரியாது. மொத்தம் 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிளம்பியதுமே வலது பக்கம் ஷ்டவுப்பாக் அருவி, 297 மீட்டர். காற்று அடித்தால் தண்ணீர் தரைக்கு வருவதற்குள் புகையாகக் கலைந்துவிடும். அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார். அப்புறம் ஆற்றைப் பார்த்து, "என்னடா இது, சுண்ணாம்பு கரைச்சு ஊத்தின மாதிரி ஓடுது?" என்றார். மலை மேலே உறைந்து மெல்ல நகரும் பனியாறு, பாறையைத் தேய்த்து மாவாக்கி அனுப்புவதால் வரும் நிறம் அது.

வழியில் மஞ்சள் பலகைகள் இருக்கும். அதில் போட்டிருக்கும் நேரம் உட்காராமல் நடப்பவர்களுக்கு. நீங்கள் இரண்டு மடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு தெரிந்தால் அது மலையேற்றப் பாதை, தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பாதி வழியில் ட்ரூமெல்பாக். மலைக்குள்ளேயே விழும் பத்து அருவிகள். ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் என்ற மூன்று பனிமலைகளின் இந்தப் பக்கத்துப் பனியாற்று நீர் இதன் வழியாகத்தான் இறங்குகிறது. நொடிக்கு 20,000 லிட்டர் வரை. உள்ளே லிஃப்ட் உண்டு, ஆனால் படிகள் ஈரம். 4 வயதுக்குக் கீழே குழந்தைகளை விடமாட்டார்கள். "நான் பாப்பாவோட வெளிய உக்காந்திருக்கேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று அம்மாவே சொல்லிவிட்டார். திரும்பி வந்து அங்கேயே மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் ஏறிவிட்டோம். பஸ் இதே பள்ளத்தாக்கில்தான் ஓடுகிறது. கால் வலித்தால் வழியிலேயே ஏறிக்கொள்ளலாம்.

இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள், "பாதிதானே நடந்தீங்க, யுங்ஃபிராவ்யோக் கூட போகலையா?" என்கிறார்கள். முழங்கால் வலியோடு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தன் காலால் நடந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் உறவில் ஒரு பெரியம்மாவை ஒரு சுற்றுலாக் குழுவில் அனுப்பினார்கள். நேராக ரயிலில் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த யுங்ஃபிராவ்யோக்குக்குக் கூட்டிப்போய், தலைசுற்றலும் தலைவலியுமாக இருந்தவரை "சீக்கிரம் போட்டோ எடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்று விரட்டியிருக்கிறார்கள். பெரியவர்களை லக்கேஜ் மாதிரி ஏற்றி இறக்குவதற்குப் பெயர் சுற்றுலாவா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

யுங்ஃபிராவ்யோக் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை, கமென்டில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உடம்பு ஒத்துழைப்பவர்கள் போகட்டும். இதய நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

ட்ரூமெல்பாக் குளிர்காலத்தில் மூடியிருக்கும், கோடையில் போனால் நல்லது. கோடையானாலும் அருவிக்குள் சில்லென்று சாரல் அடிக்கும், ஆளுக்கொரு மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.