ஒன்றரை இஞ்ச் பைப் ஏன் ஒன்றரை இஞ்ச் இல்லை?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரும்புக்கடைச் சமாச்சாரம். மழைக்கு முன்னால் ஷெட் போட்டுவிட வேண்டும் என்கிற அவசரம் போல. சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

கார் ஷெட் கால்களுக்கு ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் வாங்கினேன். பிடிப்பதற்கு 38 எம்.எம். கிளாம்ப் எட்டு முன்னாலேயே வாங்கி வைத்திருந்தேன். ஒன்றுகூட மாட்டவில்லை. கடைக்காரரோ சைஸ் சரிதான் என்று சாதிக்கிறார். ஏமாற்றுகிறாரா? – தேவகோட்டை வாசகர்

இல்லை. அபூர்வமாக இந்த முறை நியாயம் கடைக்காரர் பக்கம். பைப் என்பது தண்ணீரும் காற்றும் போவதற்காக வந்த பொருள், அதனால் அந்தக் காலத்தில் உள்ளே இருக்கும் துவாரத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள். பிறகு இரும்பின் தரம் கூடி, சுவரின் கனத்தைக் குறைக்க முடிந்தபோது, மரை போடுகிற டையும் ஃபிட்டிங்கும் வீணாகக் கூடாதென்று வெளிவிட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, சுவரை உள்பக்கமாக மட்டும் குறைத்தார்கள், துவாரம் பெரிதானது. ஆகவே ஒன்றரை இஞ்ச் பைப், அதாவது 40 என்.பி. (நாமினல் போர், பெயரளவுத் துவாரம்), வெளியே அளந்தால் 48.3 எம்.எம். இருக்கும். ஒரு இஞ்ச் பைப் 33.7, இரண்டு இஞ்ச் பைப் 60.3. எந்த எண்ணிலும் பெயருக்கும் அளவுக்கும் சம்பந்தம் தெரியாது, தேடாதீர்கள்.

டியூப் அப்படி இல்லை. அங்கே சொல்கிற அளவு வெளி அளவுதான். ஒன்றரை இஞ்ச் ரவுண்ட் டியூப் என்றால் 38.1, உங்கள் கிளாம்ப் அதற்குத்தான் செய்தது. சதுரம், செவ்வகம் எல்லாமும் இதே கணக்கு. நம் ஊரில் அவற்றையும் 'ஸ்கொயர் பைப்' என்றே சொல்வதால் குழப்பம் இரட்டிப்பு. கிளாம்ப்பைக் கொடுத்து மாற்றுங்கள், பைப்பைத் தொடாதீர்கள்.

எங்கள் வீட்டு முற்றத்துக்கு மேலே குரங்குக்காகக் கம்பி வலை போட ஏற்பாடு. 40க்கு 40 ஸ்கொயர் பைப், 16 கேஜ் என்று பேசி, வெல்டர் 30 லென்த் இறக்கினார். தூக்கிப் பார்த்தால் லேசாக இருந்தது. பழைய இரும்புக்காரர் தராசில் ஒன்றை வைத்தேன், 8 கிலோ 800. இது சரியா? – கானாடுகாத்தான் வாசகி

சரியில்லை ஆச்சி. தராசில் ஏற்ற வேண்டும் என்று தோன்றியதே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. 16 கேஜ் என்பது 1.6 எம்.எம். அந்தக் கனத்தில் 40க்கு 40, இருபதடி லென்த் ஒன்று பதினொன்றரைக் கிலோவை ஒட்டி வரவேண்டும். உங்களுக்கு வந்தது 18 கேஜ், அதாவது 1.2. கேஜில் எண் கூடினால் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரியாது, அந்தத் தெரியாமையில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. முப்பது லென்த்துக்கு ஏறக்குறைய எண்பது கிலோ இரும்பு உங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று நகலைப் பார்த்தேன். 'ஸ்கொயர் பைப் 40x40 – 30'. அவ்வளவுதான். கனம் இல்லை, எடை இல்லை. அரையணா பிசகாமல் பேரேடு எழுதிய ஊர் இது. இங்கே ஒரு இரும்புக்கடை பில்லில் 1.6 என்று மூன்று எழுத்து எழுதக் கை வரமாட்டேன் என்கிறது! மறதியால் விட்டுப்போவது என்று நான் நம்பத் தயாரில்லை. கிலோ கணக்கில் விற்றால் கனம் குறையும்போது காசும் குறைந்துவிடும், அதனால்தான் 'ஒரு லென்த் இவ்வளவு' என்று விலை சொல்கிறார்கள். என் வீட்டு மாடியில் தண்ணீர்த்தொட்டி ஸ்டாண்ட் ஒன்று இப்படி லென்த் கணக்கில் வாங்கிச் செய்ததுதான், தொட்டி நிரம்பினால் ஒரு கால் உள்வாங்குகிறது, பாதிக்கு மேல் தண்ணீர் ஏற்றுவதில்லை. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். பில்லில் கனமும் எடையும் எழுதாத கடையில் நான் இப்போது ஆணிகூட வாங்குவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு லென்த்தையும் வெட்டவோ பற்றவைக்கவோ விடாதீர்கள். பொருளை வாங்கிப்போட்டது வெல்டர் என்றால் பொறுப்பும் அவருக்குத்தான், '16 கேஜ்' என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனை அழிக்காமல் வையுங்கள். மாற்றித் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எண்பது கிலோவை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பைப் நல்லதா, டியூப் நல்லதா? – காரைக்குடி வாசகர்

எதற்கு?

இரண்டு இஞ்ச் பைப்புக்குள் ஒன்றரை இஞ்ச் பைப்பைச் செருகி, ஏற்றி இறக்குகிற பந்தல் கால் செய்யலாமா? – பள்ளத்தூர் வாசகர்

உள்ளே போகும், ஆனால் ஆடும். மீடியம் கிளாஸ், அதாவது நடுத்தரக் கனமுள்ள, இரண்டு இஞ்ச் பைப்பின் சுவர் 3.6 எம்.எம்., உள்விட்டம் 53.1. உள்ளே போவது 48.3. கிட்டத்தட்ட ஐந்து எம்.எம். இடைவெளி, காற்றடித்தால் பந்தல் தலையாட்டும். டியூப்பில் பார்த்தால் நெருக்கமான ஜோடி கிடைக்கும், ஆனால் உள்ளே வெல்டிங் தையல் புடைத்திருக்கும், கணக்குப்படி நுழைய வேண்டியது பாதியில் நிற்கும். காகிதக் கணக்கை நம்பாமல் கடையிலேயே இரண்டு துண்டைச் செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மீடியம் என்று சொல்லிக் கொடுத்த பைப்பில் மஞ்சள் பட்டை இருக்கிறது. – புதுவயல் வாசகர்

மஞ்சள் லைட். நீலம் மீடியம். சிவப்பு ஹெவி. திருப்பிக் கொடுங்கள்.

304 என்று வாங்கிய எஸ்.எஸ். மாடிப்படிக் கைப்பிடி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது. காந்தம் ஒட்டவில்லை, அப்படியானால் 304தானே? – கோட்டையூர் வாசகர்

காந்தம் 202 என்கிற விலை குறைந்த எஸ்.எஸ். ரகத்திலும் ஒட்டாது. அந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுத்தவரே உங்களுக்கு விற்றவராக இருக்கலாம். 304இல் நிக்கல் எட்டு சதவீதம், 202இல் அதில் பாதியோ சற்று மேலோ, விலை குறைவதும் துரு ஏறுவதும் அதனால்தான். சொட்டு மருந்து மாதிரி ஒரு ரசாயனம் விட்டு நிறம் பார்க்கிற சோதனை உண்டு, பெரிய எஸ்.எஸ். கடைகளில் வைத்திருப்பார்கள். துரு பற்றவைத்த இடங்களில் மட்டும் இருந்தால், சாதா இரும்பு தேய்த்த அதே கிரைண்டர் சக்கரத்தில் இதையும் தேய்த்திருப்பார்கள், அது பட்டறையின் குற்றம். அரிமானத்தை ஆராய நம் காரைக்குடியிலேயே சிக்ரி என்கிற மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது என்பது பெருமைதான், அதற்காகக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்காதீர்கள்.

பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்றார், சரி என்றேன். கேட்டுக்கு வாங்கிய டியூப் முழுக்க உள்ளே துரு. யாரிடம் புகார் செய்வது? – பெயர் வேண்டாம்

பெயர் வேண்டாம், பில்லும் வேண்டாம், நியாயம் மட்டும் வேண்டும்! ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு கடையில் பேசிப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இரண்டு முனையையும் மூடிப் பற்றவைத்து, பெயின்ட் அடித்துக் கேட்டை மாட்டுங்கள்.