காஸ்பெல் கீபோர்டு: ஆசிரியர் இல்லாமல் எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். மேஜர், மைனர், செவன்த் கார்டுகள் தெரியும். எல்லாப் பாட்டையும் சி மேஜரில் பிடித்து, சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனால் சமாளிக்கிறேன். அமெரிக்கக் கறுப்பினச் சபைகளில் கேட்கும் காஸ்பெல் பாணியை நானாகவே கற்றுக்கொள்ள முடியுமா? 61 கட்டை கீபோர்டு போதுமா?

பதில்: முடியும். அந்தச் சபைகளிலேயே இந்த வாசிப்பு பெரும்பாலும் காது வழியாகத்தான் கைமாறி வந்தது. 61 கட்டை தாராளம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், ஒரு சஸ்டெய்ன் பெடல் இருந்தால் நல்லது. முதலில் ஆட்டோ ஸ்டைலை, அதாவது கீபோர்டு தானாகத் தாளமும் பாஸும் வாசிக்கும் வசதியை, நிறுத்துங்கள். அது ஓடும்போது இடது கை கார்டு பிடிக்கும் வேலையோடு நின்றுவிடும். காஸ்பெலிலோ பாதி விஷயம் இடது கை பாஸில்தான் இருக்கிறது.

பெரிய பெரிய கார்டுகளைத் தேடி அலைவதுதான் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்வது. நைன்த், லெவன்த் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறார்கள் என்பதில்தான் அந்த மணம் இருக்கிறது. சி, எஃப், ஜி என்ற மூன்றே கார்டில் ஓடும் பாட்டை எடுத்துக்கொண்டு, இடையில் பாஸிங் கார்டுகளை, அதாவது ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் பாலமாக வரும் கார்டுகளை, நுழைத்துப் பாருங்கள்.

இதை மெதுவாக வாசியுங்கள். இடது கையில் சி, வலது கையில் ஜி-சி-இ. அடுத்து இடது கை இ-க்குப் போகட்டும்; வலது கையில் ஜி மட்டும் பி ஃப்ளாட்டாக மாறும். இப்போது காது எஃப் கார்டைக் கேட்டு ஏங்கும். கொடுங்கள்: இடதில் எஃப், வலதில் ஏ-சி-எஃப். உடனே சி-க்குத் திரும்பிவிடாதீர்கள். இடது கை எஃப் ஷார்ப், வலது கை ஏ-சி-இ ஃப்ளாட். இதுதான் டிமினிஷ்ட் செவன்த், இந்தப் பாணியின் உயிர்நாடி. அங்கிருந்து இடதில் ஜி, வலதில் பழைய ஜி-சி-இ. அப்புறம் இடதில் ஏ, வலதில் ஜி-சி ஷார்ப்-இ. பிறகு வலதில் ஏ-சி-எஃப் வைத்துக்கொண்டு, இடதில் முதலில் டி, அடுத்து ஜி. கடைசியில் இடதில் சி, வலதில் ஜி-சி-இ.

வலது கை இருந்த இடத்தை விட்டு அதிகம் நகரவே இல்லை, கவனித்தீர்களா? பெரிதாக நகர்ந்ததெல்லாம் பாஸ்தான். இந்த ஒரு வரி விரலில் ஊறும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

டிமினிஷ்டைக் கண்டு பயப்பட வேண்டாம். 12 ஸ்வரங்களுக்கும் சேர்த்து, வேறுபட்ட டிமினிஷ்ட் செவன்த் கார்டுகள் மூன்றே மூன்றுதான். மற்றவை அவற்றின் இன்வெர்ஷன்கள், அதாவது அதே ஸ்வரங்கள் வரிசை மாறி வருபவை. செவன்த் கார்டுகள் இங்கே இவ்வளவு தாராளமாகப் புழங்குவதில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசைக்குப் பெரிய பங்கு உண்டு. காஸ்பெல் இசையின் தந்தை என்று அழைக்கப்படும் தாமஸ் டார்சி, 1920களில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னியின் குழுவில் பியானோ வாசித்தவர். 1932 முதல் சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில் பாடகர் குழுவை நடத்தினார்.

அடுத்து தாளம். மெதுவான காஸ்பெல் பெரும்பாலும் 12/8 நடையில், அதாவது நான்கு தட்டு, தட்டுக்கு மூன்று பங்கு என்று போகும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் 'தகிட' சொல்லுங்கள். பாஸ் 'த'வில் விழட்டும், வலது கை 'ட'வில். கார்டு சரியாக இருந்தும் காஸ்பெல் மாதிரி கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் குறை இங்கேதான்.

ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஆராதனையில் பயன்படுத்துங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுப் பயிற்சியில் மட்டும் வேண்டாம். மேலே சொன்ன வரியின் பாஸை, சி-யை 1 என்று கொண்டு, எண்ணாக மனதில் வைத்து (1, 3, 4, கூட்டிய 4, 5, 6, 2, 5, 1) எஃப்புக்கும் பிறகு ஏ ஃப்ளாட்டுக்கும் மாற்றுங்கள். காஸ்பெல்காரர்களுக்கு ஃப்ளாட் ஸ்கேல்கள் அத்தனை பிரியம்.

கேட்பதற்கு, மஹாலியா ஜாக்சனின் பதிவுகளில் பியானோ வாசித்த மில்ட்ரெட் ஃபால்ஸிடமிருந்து தொடங்குங்கள். பாடகி மூச்செடுக்கும் இடத்தில்தான் அவருடைய விரல்கள் பேசும். யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கினாலும் சுருதி மாறாது. நாலு பார் மட்டும் எடுத்து, முதலில் பாஸை வாயால் பாடிவிட்டு அப்புறம் கட்டையில் தேடுங்கள். ஆர்கன் டோனில் வாசித்தால் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஸ்வரங்களை விரல்தான் இணைக்க வேண்டும்.

நம் பாட்டுகளில் இதைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேற்கத்திய மெட்டில் வரும் பாமாலைப் பாடல்கள் பாஸிங் கார்டுகளுக்கு நன்றாக இடம் கொடுக்கும். ராகத்தில் அமைந்த கீர்த்தனைகள் அப்படியல்ல. மோகனத்தில் பாடுபவர் சி-யை ஷட்ஜமாக வைத்து அந்தர காந்தாரத்தில், அதாவது இ-யில் நிற்கும்போது, நீங்கள் எஃப் ஷார்ப் டிமினிஷ்ட் செவன்த் அடித்தால் அதிலுள்ள இ ஃப்ளாட் நேராக மோதும். அங்கே சாதாரண சி கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடுபவர் ஓய்ந்து வரி முடிகிற இடத்தில் மட்டும் உங்கள் 6-2-5-1-ஐப் போடுங்கள்.