கோப்பு பெரிதானால் எடிட்டர் ஏன் திணறுகிறது?

கேள்வி: நிரல் எழுதும் விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில்தான் என் வேலை முழுவதும். 18,000 வரி உள்ள சி++ கோப்பு ஒன்றைத் திறந்து கர்சரைக் கீழே நகர்த்தும் 'ஜே' கீயை அழுத்திப் பிடித்தால் திரை விட்டு விட்டு நகர்கிறது, விரலை எடுத்த பிறகும் கர்சர் தன்பாட்டுக்கு ஓடுகிறது. சின்னக் கோப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. 16 ஜிபி ரேம் இருக்கிறது, இன்னும் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். 18,000 வரி என்பது பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும், செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடக் கனம். விரலை எடுத்த பிறகும் கர்சர் ஓடுகிறது என்கிறீர்களே, நோய் அங்கேதான் தெரிகிறது. அழுத்திப் பிடித்த கீ நொடிக்கு 30 முறை தட்டுகிறது என்று வையுங்கள், திரையை ஒருமுறை வரைய 33 மில்லி செகண்டுக்கு மேல் ஆனால் தட்டல்கள் வரிசையில் தேங்கிவிடும், அந்த பாக்கியைத்தான் விம் அப்புறம் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

சரி, திரையில் தெரியும் 50 வரியை வரைய ஏன் இத்தனை நேரம்? முதல் சந்தேகம் நிரலின் சொற்களுக்கு வகைவாரியாக வண்ணம் பூசும் சின்டாக்ஸ் வேலை மீது. ஒரு வரி கமென்ட்டுக்குள் (நிரலில் எழுதும் விளக்கக் குறிப்பு) இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது அந்த வரியை மட்டும் பார்த்தால் தெரியாது, மேலே போய்ப் பார்த்து வர வேண்டும். சின்டாக்ஸ் சிங்க் அமைப்பில் 'ஃப்ரம்ஸ்டார்ட்' என்றிருந்தால் கோப்பின் கடைசிக்குத் தாவும்போது விம் முதல் வரியிலிருந்து படித்து வருவார். அதை 'மின்லைன்ஸ்' 200 என்று மாற்றினால் 200 வரி பின்னால் போய்ப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார், எப்போதாவது வண்ணம் பிசகும், கண்டுகொள்ளாதீர்கள்.

ஆனால் எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். இணையத்தில் கண்ட பத்து வரியை அப்படியே கான்ஃபிகில் ஒட்டிவிட்டு எது பலித்தது என்றே தெரியாமல் இருப்பதுதான் நம் ஆட்களின் வழக்கம் (நானும் செய்திருக்கிறேன்). முதலில் சின்டாக்ஸை ஆஃப் செய்து ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் குற்றவாளி அதுவே. திரும்ப ஆன் செய்து, 'சின்டைம் ஆன்' என்று கொடுத்து, கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஓட்டிவிட்டு 'சின்டைம் ரிப்போர்ட்' கேட்டால் எந்தப் பேட்டர்ன் (வண்ணம் பூச வேண்டிய எழுத்துகளைத் தேடும் விதி) எவ்வளவு நேரம் தின்றது என்று அட்டவணையே போட்டுக் கொடுக்கும். ஒரே பேட்டர்ன் பெரும்பங்கைத் தின்றிருந்தால் பேட்டர்னைத் தேடும் இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும் ரெஜெக்ஸ்ப்இன்ஜின் அமைப்பை 1, அதாவது பழைய இன்ஜின், என்று வைத்துப் பாருங்கள். 2013-ல் வந்த 7.4 பதிப்பில் புது இன்ஜின் சேர்ந்தது, சில பேட்டர்ன்களுக்குப் பழையதே வேகம்.

ஆஃப் செய்தும் திணறுகிறதா? அப்போது ரிலேட்டிவ்நம்பர் (கர்சரிலிருந்து எத்தனை வரி தள்ளி என்று காட்டும் எண்கள்), கர்சர்லைன் (கர்சர் உள்ள வரியைத் தனித்துக் காட்டுவது) இரண்டையும் எடுத்துவிடுங்கள். கர்சர் ஒரு வரி நகர்ந்தாலே முன்னது இடதுபக்க எண்கள் அத்தனையையும் திரும்ப எழுத வைக்கும். வரிகளை மடித்து மறைக்கும் முறையான ஃபோல்ட்மெத்தட் 'சின்டாக்ஸ்' என்றிருந்தால் 'மேனுவல்' ஆக்குங்கள், ஜோடி அடைப்புக்குறியைத் தேடும் மேட்ச்பேரனையும் நிறுத்திப் பாருங்கள். லேசிரீட்ராவைப் போடச் சொல்பவர்கள் நிறைய, அது மேக்ரோ (பதிவு செய்து வைத்த கட்டளைத் தொடர்) மாதிரி நீங்கள் கையால் தட்டாத கட்டளைகள் ஓடும்போது திரை வரைவதை ஒத்திப்போடுவது, நீங்கள் கீயை அழுத்திப் பிடித்திருக்கும்போது அதற்கு வேலையே இல்லை.

கேள்வி: என் கோப்பில் ஒரே ஒரு வரிதான், ஜேசன் வடிவத் தரவு, ஆனால் எல்லா எடிட்டரும் படுத்துவிடுகின்றன. ஏன்?

பதில்: வரிகளாகப் பிரித்து வேலை செய்யும் எடிட்டருக்கு லட்சக்கணக்கான எழுத்துள்ள ஒற்றை வரிதான் எமன். விம்மில் ஒரு வரியில் எதுவரை வண்ணம் பூசலாம் என்று சொல்லும் சின்மேக்ஸ்கால் 3000 என்று இருக்கும், 200 ஆகக் குறைத்தால் அந்த எல்லைக்கு அப்பால் வண்ணம் பூச மாட்டார். இன்னொரு எடிட்டரான இமேக்ஸில் 27-ஆம் பதிப்பு முதல் இதற்கென்றே 'சோ-லாங்' மோட் இருக்கிறது. விஎஸ் கோட் 20,000 எழுத்துக்கு மேற்பட்ட வரிக்கு வண்ணம் பூசாமலே விட்டுவிடும். என்னைக் கேட்டால், எடிட்டரைத் திருத்துவதற்குப் பதிலாக ஜேசனைக் கையாளும் ஜேக்யூ என்ற கருவியில் கொடுத்து வரிவரியாக உடைத்துவிட்டு, அப்புறம் திறவுங்கள்.