பேரிருளில் வழி காண்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வடதுருவப் பக்கம் ஆறு மாதம் இரவு என்று படித்திருக்கிறேன். அந்தக் காலத்திலும் அங்கு வாழும் இன்யூட் பழங்குடி மக்கள் வேட்டைக்குப் போவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கும்மிருட்டில் எப்படி வழி தெரியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆறு மாத இரவு துருவப் புள்ளிக்கான கணக்கு. அங்கே ஊர் கிடையாது. கனடாவின் இக்லூலிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 69 பாகை வடக்கு. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில் திரும்புகிறது. இடைப்பட்ட காலத்தின் பெயர் 'டவ்விக்ஜுவாக்', பேரிருள். ஆனால் டிசம்பர் 21 நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்குச் சுமார் 3 பாகைதான் கீழே இருக்கும். ஆகவே சில மணி நேரம் அந்தி வெளிச்சம் உண்டு. முழுநிலவை ஒட்டிய நாட்களில் நிலா பெரும்பாலும் மறையாமலே வானைச் சுற்றிவரும். கடற்பனியில் கடல்நாய் மூச்சுவிட வரும் துளையருகே காத்திருக்க அந்த ஒளி போதும்.

நிலா இல்லாதபோது நட்சத்திரம். துருவ நட்சத்திரம் அங்கே மிக உயரத்தில் நிற்பதால் திசை பிடிக்க அவ்வளவாக உதவாது. அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரத்தைக் குறி வைப்பார்கள். அது மணிக்கு 15 பாகை அளவில் நகரும். ஒன்றையே நெடுநேரம் தொடர்ந்தால் பாதை வளைந்துவிடும். சப்தரிஷி மண்டலம் அவர்களுக்குக் கரிபூ மான்கள். அது சுழன்றிருக்கும் நிலையைப் பார்த்து நேரம் சொல்வார்கள்.

மேகம் மூடினால் காலடியில் பனி இருக்கிறது. இவற்றுள் ஆகப் பெரிய அறிவாக நான் நினைப்பது இதைத்தான். 'உவங்னக்' என்னும் வடமேற்குக் காற்று, நாக்கு வடிவில் கெட்டியான பனிமேடுகளைக் கட்டுகிறது. பெயர் 'உகலுராயிட்'. நாய்வண்டி அவற்றை ஒரே கோணத்தில் கடந்துகொண்டிருந்தால் திசை தவறவில்லை என்று பொருள். புதுப்பனி விழுந்திருந்தால் அதைக் காலால் விலக்கி, அடியிலிருக்கும் இறுகிய மேட்டைத் தொட்டறிய வேண்டும். வேறு காற்று எழுப்பிய மேட்டை இதுவென்று நம்பினால் வழி தவறிவிடும்.

முற்காலத்தில் வீட்டுக்குள் வெளிச்சமும் சூடும் 'குல்லிக்' விளக்கால் கிடைத்தன. மாக்கல்லில் குடைந்த பிறை வடிவம்; பாசியும் பஞ்சுப்புல்லும் கலந்த திரி; இடித்து இளக்கிய கடல்நாய்க் கொழுப்பு. திரி உயர்ந்தால் புகை கக்கும், தாழ்ந்தால் அணையும். அதனால் பெண்கள் அதை ஒரு கோலால் அடிக்கடி சீர்செய்தபடி இருந்தார்கள்.

டிசம்பர் நடுவில் விடியல் பக்கம் 'ஆக்ஜூக்' தோன்றும். நம் திருவோணத்தின் மூன்று நட்சத்திரங்களில் இரண்டுதான் அவை. ஒளி திரும்பப்போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். முற்காலத்தில் சூரியன் வந்த அன்று பிள்ளைகள் வீடுவீடாய் விளக்குகளை ஊதி அணைத்தார்கள். பிறகு ஒரே புதுச்சுடரிலிருந்து எல்லாம் ஏற்றப்பட்டன. சூரியனைப் பார்த்து முகத்தின் ஒரு பாதியால் மட்டும் சிரிக்க வேண்டும் என்பது வழக்கம். மறுபாதி இறுகியே இருக்கும், கடுங்குளிர் இன்னும் மிச்சமிருப்பதால். கையை நீட்டிப் பிடித்த கையுறையின் அளவுக்குச் சூரியன் மேலேறிய பிறகே தூர வேட்டைக்கு நாய்வண்டி பூட்டினார்கள்.