பழைய ஹார்ட் டிஸ்கை வேறு பெட்டியில் மாட்டாதீர்கள்

குன்னூர் நண்பருக்கு வணக்கம். மஞ்சள் விளக்கு மின்னி அணைந்துவிடும் உங்கள் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அடுத்து வாங்கும் இன்னொரு பிளேஸ்டேஷன் 3 பெட்டியில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த டிஸ்கில் உள்ள தரவு, பழைய மதர்போர்டுக்கே உரிய ரகசியக் குறியீட்டுச் சாவியால் பூட்டப்பட்டது. வேறு பெட்டி அதைப் படிக்காது. ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். சம்மதித்தால், தம்பியும் நீங்களும் ஆண்டுக்கணக்கில் ஆடிச் சேர்த்தது அத்தனையும் போய்விடும்.

பழையதை ஒரு மணி நேரமாவது உயிர்ப்பித்தாக வேண்டும். கோவையில் சிப் அளவில் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மதர்போர்டை மட்டும் மாற்றக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். மாற்றினால் சாவியும் போய்விடும். மலைக்குளிரிலிருந்து கீழே இறக்கிய பெட்டிக்குள் ஈரம் படியலாம், சில மணி நேரம் கழித்தே இயக்கச் சொல்லுங்கள்.

இயங்கியதும் முதல் வேலையாக, எஃப்ஏடி32 (FAT32) என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில், விளையாட்டுகளில் சேமித்து வைத்தவற்றை நகலெடுங்கள். சில விளையாட்டுகள் அப்படி நகலெடுக்க இடம் தராது. அவற்றுக்காகப் பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் லேன் கேபிளால் இணைத்து, அமைப்புகளில் உள்ள தரவுப் பரிமாற்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும். அப்போது புதியதில் ஏற்கெனவே இருப்பது அழியும். ஆகவே இரண்டாவது பெட்டியை இப்போதே வாங்கிவிடுங்கள், ஆனால் அதில் விளையாடத் தொடங்காதீர்கள்.