ஸ்ட்ரிங்கில் எஸ் ஏன் கேபிடல்?

வணக்கம் சார்,

பி.காம். முடித்துவிட்டு ஜாவா கற்றுக்கொள்கிறேன். ஸ்ட்ரிங் என்று எழுதினால் எஸ் கேபிடல், இன்ட் என்றால் எல்லாமே ஸ்மால். சிஸ்டம் கேபிடலில் தொடங்குகிறது, அதை ஒட்டி வரும் அவுட் ஸ்மாலில். வகுப்பில் கேட்டால் "அது கன்வென்ஷன், அப்படியே எழுதுங்கள்" என்கிறார்கள். ஆனால் ப்ரோகிராமில் நான் எழுதும் கிளாஸின் பெயரை ஸ்மாலில் வைத்தாலும் ப்ரோகிராம் ஓடுகிறது. ஸ்ட்ரிங்கை ஸ்மாலில் எழுதினால் எர்ரர் வருகிறது. எது கட்டாயம், எது வழக்கம்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கட்டாயம் ஒன்றே ஒன்றுதான். ஜாவாவுக்கு கேபிடல் எஸ் வேறு, ஸ்மால் எஸ் வேறு. பெயர் வைத்தவர் எப்படி வைத்தாரோ அப்படியே நாம் கூப்பிட வேண்டும். ஸ்ட்ரிங் என்ற கிளாஸை எழுதியவர்கள் கேபிடல் எஸ் போட்டுவிட்டார்கள், ஆகவே ஸ்மாலில் எழுதினால் "அப்படி எதுவும் இங்கே இல்லை" என்கிறது, நாம் எழுதியதை மொழிபெயர்க்கும் கம்பைலர். உங்கள் கிளாஸுக்குப் பெயர் வைப்பவர் நீங்கள். ஸ்மாலில் வைத்தாலும் அதற்கு ஆட்சேபம் கிடையாது. அது பப்ளிக் கிளாஸாக இருந்தால் மட்டும் ஃபைலின் பெயரும் எழுத்துக்கு எழுத்து அதேபோல் இருக்க வேண்டும்.

பெயரை எப்படி வைப்பது என்பதில்தான் வழக்கம் வருகிறது. ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இதை 1997ல் ஓர் ஆவணமாகவே எழுதி வைத்தது. கிளாஸ் என்றால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் கேபிடல். மெத்தடும் (ஒரு வேலையைச் செய்வது) வேரியபிளும் (மதிப்பை வைத்திருப்பது) ஸ்மாலில் தொடங்கும், இரண்டாவது சொல்லிலிருந்து கேபிடல் தலைகாட்டும். மாறாத மதிப்பு என்றால் முழுக்க கேபிடல், சொற்களுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர். கிளாஸ்களின் தொகுப்பான பேக்கேஜ் முழுக்க ஸ்மால். இன்ட், இஃப், பப்ளிக் போன்ற கீவேர்டுகள் மொழியே வைத்துக்கொண்டவை, அவையும் ஸ்மால்தான்.

இப்போது உங்களைக் குழப்பிய சிஸ்டம்.அவுட்.பிரின்ட்எல்என் வரியையே படித்துப் பாருங்கள். சிஸ்டம் ஒரு கிளாஸ். அவுட் அதற்குள் இருக்கும் வேரியபிள். பிரின்ட்எல்என் ஒரு மெத்தட். மூன்றையும் எழுத்தே சொல்லிவிடுகிறது. வேறொருவர் எழுதிய ஆயிரம் வரி கோடைத் திறக்கும்போது இதன் அருமை தெரியும். புள்ளிக்கு முன்னால் இருக்கும் பெயர் கேபிடலில் தொடங்கினால் கிளாஸையே நேராகக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம், ஸ்மால் என்றால் கிளாஸிலிருந்து உருவான ஏதோ ஓர் ஆப்ஜெக்ட். மேலே போய்த் தேட வேண்டியதில்லை. நீங்கள் கிளாஸை ஸ்மாலில் வைத்தால் கம்பைலர் பிழைத்துக்கொள்ளும். படிப்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

வேரியபிளுக்கு 'வயது' என்று தமிழிலேயே பெயர் வைக்கவும் ஜாவா விடும். ஆனால் நம் எழுத்தில் கேபிடல் ஏது? 'மாணவர்' என்பது கிளாஸா வேரியபிளா என்று பார்த்தவுடன் தெரியாது.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது எர்ரர் வராத தப்புக்கு. மெயினுக்கு கேபிடல் எம் போட்டால் கம்பைல் ஆகிவிடும், ஓட்டும்போது மெயினைக் காணோம் என்று நின்றுவிடும். அது பரவாயில்லை, நின்ற இடமாவது தெரிகிறது. ஆப்ஜெக்டை எழுத்தாக்கிக் காட்டும் டுஸ்ட்ரிங் மெத்தடை எழுதும்போது நடுவில் வரும் எஸ்ஸை ஸ்மாலாக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். கம்பைலர் அதைப் புதிய மெத்தட் என்று எடுத்துக்கொள்ளும். ப்ரோகிராமும் ஓடும். ஆனால் ஆப்ஜெக்டை பிரின்ட் செய்தால் கிளாஸ் பெயரும் அட் குறியும் புரியாத எழுத்துகளும் எண்களும்தான் வரும். ஆப்ஜெக்டைத் தேட உதவும் எண்ணைத் தரும் ஹேஷ்கோடு மெத்தடில் கேபிடல் சியை விட்டால் இன்னும் மோசம். அந்த ஆப்ஜெக்டை, கீயை வைத்து மதிப்பைத் தேடும் ஹேஷ்மேப்பில் கீயாகப் போட்டுவிட்டு, அதே மதிப்புள்ள இன்னொரு ஆப்ஜெக்டை வைத்துத் தேடினால் கிடைக்காது, கண்ணுக்கு எதிரே போட்டிருந்தாலும். இதற்கென்றே 2004ல் வந்த ஜாவா 5ல் ஓவர்ரைடு என்ற குறிப்பைக் கொண்டுவந்தார்கள். மெத்தடுக்கு மேலே அட் குறியோடு அதை எழுதிவிட்டால், பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கம்பைலர் உடனே பிடித்துவிடும். வகுப்பில் இதைப் பிறகு சொல்லித்தருவார்கள். நீங்கள் இன்றைக்கே பழகுங்கள்.

மனப்பாடம் பற்றிக் கேட்டீர்கள். ஜாவாவோடு வரும் லைப்ரரியே சில இடங்களில் இந்த வழக்கத்தை மீறியிருக்கிறது. ஹேஷ்மேப்பில் எம் கேபிடல், அதைவிடப் பழைய ஹேஷ்டேபிளில் டி ஸ்மால். அர்ரேகாபி என்ற மெத்தடில் இரண்டு சொல் இருந்தும் கேபிடலே இல்லை. ஹெச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷன் என்ற கிளாஸில் ஹெச்டிடிபிக்கு முதல் எழுத்து மட்டும் கேபிடல், பக்கத்திலேயே யுஆர்எல் முழுக்க கேபிடல். ஒரே பெயருக்குள் இரண்டு வழக்கம்! கலர் கிளாஸில் ரெட் முதலில் ஸ்மாலில்தான் இருந்தது. ஜாவா 1.4ல் கேபிடலிலும் சேர்த்தார்கள், பழையதையும் எடுக்கவில்லை. எடுத்தால் அதுவரை எழுதிய ப்ரோகிராம்கள் உடையும் இல்லையா?

இவற்றை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ப்ரோகிராம் எழுத உதவும் எக்லிப்ஸோ இன்டெல்லிஜேவோ புள்ளி வைத்ததும் பட்டியல் காட்டும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளாஸ்களின் பெயரை மட்டும் கேபிடலுக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஃபைல்களின் பெயரையும் சேர்த்து.

அன்புடன்.